சாம்பல் நிறக் காணி

நிகழ்நேர வியூக விளையாட்டுகளை ஆடாதவர்கள் அவற்றைச் சண்டை விளையாட்டு என்றுதான் நினைக்கிறார்கள். என் மனைவியும் அப்படித்தான். திரையில் குதிரைகள் ஓடுகின்றன, வாள்கள் மோதுகின்றன, எங்கோ ஒரு கொட்டகை எரிகிறது. வாரம் முழுவதும் வாடிக்கையாளர்களோடு கூட்டங்களில் பேசிக் களைத்த ஒருவன் சனிக்கிழமை இரவும் கணினி முன்னால் உட்கார்ந்து இதைப் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவள் கேள்வி. இருபது வருடங்களுக்கு மேல் ஆடியவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: சண்டை கடைசியில் வருவது. பெரும்பாலான ஆட்டங்கள் அதற்கு வெகுமுன்பே நிலத்தில் முடிவாகிவிடுகின்றன.

இந்த வகைக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தது 1992இல் வெஸ்ட்வுட் நிறுவனம் உருவாக்கிய ‘டூன் 2’. பாலைவனத்தில் விளையும் அரும்பொருள் ஒன்றை அள்ளிவந்து காசாக்கி, அந்தக் காசில் கட்டடமும் படையும் எழுப்ப வேண்டும். பிறகு 1998இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ வந்தது. 1999இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. சதுரங்கம்போல இவற்றில் ஒருவர் மாற்றி ஒருவர் நகர்த்துவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். நீங்கள் யோசித்துக் கொண்டிருக்கும்போது எதிராளி மரம் வெட்டிக் கொண்டிருப்பான்.

முதுகலைப் படிப்புக்காக 2004இல் மெல்பன் வந்தபோது, ஐந்து மாணவர்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் எனக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அறிமுகமானது. வரவேற்பறையில் நாற்காலிகளைவிட நெட்வொர்க் கேபிள்கள் அதிகம். அந்த வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் இன்று நான்கு நாடுகளில் இருக்கிறார்கள். விளையாட்டு மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

ஆட்டம் தொடங்கும்போது உங்களிடம் இருப்பது ஒரு டவுன் சென்டர், மூன்று குடியானவர்கள், ஒரு குதிரைச் சாரணன். கிட்டங்கியில் 200 உணவு, 200 மரம், 100 பொன், 200 கல். திரையில் உங்களைச் சுற்றிச் சிறிய வட்டம் வெளிச்சமாக இருக்கும். மீதி உலகம் முழுக்கக் கறுப்பு.

*

நிலத்தின் முதல் மதிப்பு அதன் விளைச்சல். இது எல்லோருக்கும் புரியும். ஆனால் விளையாட்டு இதை ஒரு கெடுவோடு தருகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் ஒரு பொற்குவியலில் 800 பொன்தான் இருக்கும். ஒரு கற்குவியலில் 350 கல். ஒரு கோட்டை கட்ட 650 கல் வேண்டும். அதாவது, உங்கள் வாசலில் இருக்கும் குவியல்கள் ஒருநாள் தீரும். அடுத்த குவியல் உங்கள் வெளிச்சத்துக்கு வெளியே, எதிராளிக்கும் உங்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். புதிதாக ஆடுபவர்கள் முதல் குவியல் தீரும்வரை வெளியே போவதில்லை. தீர்ந்த பிறகு போனால், அங்கே ஏற்கெனவே வேறொருவனின் காவற்கோபுரம் நிற்கும்.

ஆட்டம் நீண்டால் இதன் விளைவு அப்பட்டமாகத் தெரியும். நல்ல படைவீரர்கள் எல்லோருக்கும் பொன் வேண்டும். பொன் இல்லாதவன் ஈட்டிக்காரர்களையும் எறிவேல் வீரர்களையும் இலகுக் குதிரைகளையும் வைத்துச் சமாளிக்க வேண்டும். இருபதாவது நிமிடத்தில் கைவிட்ட ஒரு மேட்டுக்கான விலையை ஐம்பதாவது நிமிடத்தில் கொடுப்பீர்கள்.

ஸ்டார்கிராஃப்ட் 2 இதையே வேறு விதமாகக் கணக்கிடுகிறது. ஒரு தளத்தில் எட்டுத் தாதுக் குவியல்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு தொழிலாளிகள் வேலை செய்தால் நிறைவு. பதினாறு பேருக்கு மேல் எத்தனை பேரை அனுப்பினாலும் வரவு பெரிதாக ஏறாது. அவர்கள் வரிசையில் நின்று ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக் கொண்டிருப்பார்கள். மென்பொருள் திட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஆக, இரண்டாவது இடம் தேடிப் போவதற்குப் பேராசை காரணம் அல்ல. இருக்கும் ஆட்களுக்கு இருக்கும் இடம் போதவில்லை. 2015இல் ‘லெகஸி ஆஃப் தி வாய்ட்’ என்ற விரிவு வெளியானபோது பாதித் தாதுக் குவியல்களின் இருப்பைக் குறைத்தார்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவரை வெளியே தள்ளுவதற்காகச் செய்த மாற்றம் அது. புலம்பெயர்ந்தவர்கள் யாருக்கும் இந்த விதியை விளக்கத் தேவையில்லை.

*

இரண்டாவது மதிப்பு பார்வை. இது புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

இந்த விளையாட்டுகளின் வரைபடத்தில் மூன்று நிலைகள் உண்டு. நீங்கள் ஒருமுறைகூடப் போகாத இடம் கறுப்பு. இப்போது உங்கள் ஆள் யாராவது நின்று பார்க்கும் இடம் முழு வெளிச்சம். மூன்றாவது, முன்பு பார்த்த, இப்போது யாரும் நிற்காத இடம். அது சாம்பல் நிறமாக மங்கிக் கிடக்கும். இந்த மறைப்புக்கு ஆங்கிலத்தில் போரின் மூடுபனி என்று பொருள்படும் பெயர். நான் மூட்டம் என்று சொல்லிக் கொள்வேன்.

கறுப்பைவிடச் சாம்பல்தான் ஆபத்தானது. கறுப்பைப் பார்க்கும்போது தெரியாது என்பதாவது தெரியும். சாம்பலில் மரமும் மேடும் தெரியும், நீங்கள் கடைசியாகப் பார்த்த கட்டடங்களும் அப்படியே தெரியும். அந்தக் கட்டடம் ஐந்து நிமிடத்துக்கு முன் இடிந்திருக்கலாம். அந்த வெளியில் இப்போது நாற்பது குதிரைகள் நின்று கொண்டிருக்கலாம். திரை அதைக் காட்டாது. கடைசியாகப் பார்த்ததையே திரும்பத் திரும்பக் காட்டிக் கொண்டிருக்கும்.

ஆகவே, தேர்ந்த ஆட்டக்காரர்கள் நிலத்தைப் பிடிப்பது பெரும்பாலும் அதில் எதையாவது கட்டுவதற்காக அல்ல. ஒரு காவல் மேடை, வழியோரத்தில் சும்மா நிற்கும் ஒரு ஆள், அவ்வளவுதான். எதிரிப் படை கிளம்பும்போது அது கண்ணில் பட்டால் அரை நிமிடம் முன்னதாகத் தெரியும். அந்த அரை நிமிடத்தில் குடியானவர்களை உள்ளே இழுக்கலாம், வாசலை அடைக்கலாம், பத்து ஈட்டிக்காரர்களைத் தயார் செய்யலாம். பார்வை நேரமாக மாறுகிறது. விளையாட்டில் எந்தப் பொருளையும் சந்தையில் வாங்கலாம். நேரத்தை மட்டும் வாங்க முடியாது.

மூன்றாவது, தேர்வு. நடுநிலத்தைக் கையில் வைத்திருப்பவன் எங்கே, எப்போது மோதுவது என்று முடிவு செய்கிறான். மேட்டில் நிற்கும் வீரனின் அடி பள்ளத்தில் இருப்பவன்மேல் கால் பங்கு கூடுதலாக விழும். ஆக, மேட்டில் நிற்பவன் கீழிருப்பவன் வரட்டும் என்று காத்திருக்கலாம். ஒதுக்கப்பட்டவனோ எல்லா வாசலையும் ஒரே நேரத்தில் காக்க வேண்டும். சில விளையாட்டுகள் இதை விதியாகவே எழுதிவைத்தன. 2003இல் வந்த ‘ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்’ விளையாட்டில் உங்கள் எல்லைக்குள் நுழையும் பகைப்படை, யாரும் தாக்காமலேயே மெல்லத் தேயும். 2006இல் வந்த ‘கம்பெனி ஆஃப் ஹீரோஸ்’ விளையாட்டில் வரைபடம் முழுவதும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டு எவ்வளவு வளமானதாக இருந்தாலும், உங்கள் தலைமையகத்தோடு தொடர்ச்சியாக இணைந்திருந்தால்தான் பலன் தரும். நடுவில் ஒரு துண்டை எதிரி அறுத்துவிட்டால், அப்பால் இருப்பது உங்கள் நிறத்திலேயே இருக்கும், உங்களுக்கு எதுவும் அனுப்பாது.

இதில் எனக்குப் புதிதாக எதுவும் இருந்திருக்கக் கூடாது. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தின் கல்தரையில் ஆடுபுலி ஆட்டக் கோடுகள் செதுக்கப்பட்டிருந்தன. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி வெட்டி ஜெயிக்கும். ஆடு ஒருபோதும் வெட்டுவதில்லை. ஒவ்வொரு புள்ளியாக நிரப்பி, புலிக்குத் தாவ இடமில்லாமல் செய்து ஜெயிக்கும். பெரியத்தை ஆடு பக்கம் உட்கார்ந்தால் தோற்று நான் பார்த்ததில்லை. “அவசரப்படாதடா, எடத்த அடை” என்பாள். பிற்பாடு நான் கற்ற நிலக் கட்டுப்பாட்டின் முழுப் பாடத்திட்டமும் அந்த மூன்று சொல்லுக்குள் இருந்தது.

*

நிலம் கேட்கும் விலையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புதிய இடமும் வரவு தருகிறது. கூடவே தாக்கப்படக்கூடிய இன்னொரு இடமாகவும் ஆகிறது. உங்களுக்கு இருப்பதோ ஒரு மவுஸ், இரண்டு கண்கள். தென்கொரியாவின் தொழில்முறை ஸ்டார்கிராஃப்ட் வீரர்கள் நிமிடத்துக்கு 300 கட்டளைகளுக்கு மேல் கொடுப்பார்கள். வேகத்தைக் காட்டுவதற்காக அவர்கள் அப்படி விரல்களை ஓட்டுவதில்லை. ஐந்து இடங்களில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. என்னைப் போன்ற சாதாரண ஆட்டக்காரன் மூன்று இடங்களைப் பிடித்தால் மூன்றாவதை மறந்துவிடுவான். மறந்த இடத்தில் குடியானவன் ஒருவன் வெட்ட மரமில்லாமல் கோடரியோடு சும்மா நின்று கொண்டிருப்பான்.

ஆகவே, இந்த விளையாட்டுகளில் எனக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது என்ற கேள்விக்குப் பொருள் குறைவு. எவ்வளவு நிலத்தை என்னால் கவனிக்க முடிகிறது என்பதுதான் கேள்வி. விளையாட்டில் பத்திரம் கிடையாது. பதிவு அலுவலகம் கிடையாது. இது என் பாட்டன் நிலம் என்று சொல்ல எந்தப் பொத்தானும் கிடையாது. நின்றால் உங்களுடையது. போனால் சாம்பல்.

இதை வாழ்க்கையோடு ஒப்பிடுவது எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஒப்பிட வைத்தவர் என்னோடு ஆடும் நண்பர்.

*

அவர் ஒஸ்லோவில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். ஆறு வருடங்களுக்கு முன் இணையத்தில் ஒரு ஆட்டத்தில் தற்செயலாக ஒரே அணியில் விழுந்தோம். என் பெயரைப் பார்த்துத் தமிழில் எழுதினார். அன்றிலிருந்து எனக்குச் சனி இரவு, அவருக்குச் சனி மதியம்.

அவர் ஆடுவதில் ஒரு விசித்திரம் உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் டவுன் சென்டரில் ஒரு மணி இருக்கிறது. அதை அடித்தால் குடியானவர்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு அருகிலுள்ள கட்டடங்களுக்குள் ஓடி ஒளிவார்கள். மணியை அடித்தால் உற்பத்தி நின்றுவிடும். ஆதலால் அனுபவசாலிகள் அதைத் தொடுவதில்லை. எதிரி வந்த பக்கம் இருப்பவர்களை மட்டும் நகர்த்துவார்கள். நண்பர் ஒரே ஒரு எதிரிக் குதிரையைக் கண்டாலும் மணியை அடித்துவிடுவார். ஒருமுறை இதனால் நன்றாகப் போய்க் கொண்டிருந்த ஆட்டம் கையை விட்டுப் போனது. “ஒத்தக் குதிரைதானேண்ணா” என்றேன்.

“முதல் வாறது ஒண்டுதான் தம்பி,” என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

2022இல் இந்த விளையாட்டுக்கு ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற விரிவு வந்தது. அதில் திராவிடர் என்று ஒரு புதிய தரப்பு. ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடும் தொடர் ஒன்றும் உண்டு. அந்தத் தரப்பின் ஆட்கள் தமிழில் பதில் சொல்வார்கள். முதல் நாள் குடியானவன் மீது சொடுக்கியபோது தமிழ்க்குரல் கேட்டதும் இருவரும் சிரித்துவிட்டோம். இருபது வருடமாக இன்னொருவர் மொழிகளில் மரம் வெட்டவைத்த பிறகு அது தேவையான சிரிப்பு. ஆனால், ஆடிப் பார்த்ததில் ஒரு சிக்கல். திராவிடருக்குக் காலாட்படையும் கப்பலும் வலு. குதிரைப்படை மோசம். திறந்த வெளியில் நிலத்தைப் பிடித்து வைக்க வேகமான கால்கள் வேண்டும். “எங்கட ஆக்களுக்குக் குதிரை சரிவராது போல கிடக்கு” என்றார் நண்பர். “பிடிச்ச இடத்தில இருந்தே ஆகவேணும். ஓடிப்போய் ஓடிவாற வேலை இல்லை.”

அவர்கள் ஊர் 1990 ஜூனில் காலியானது. அவருக்கு அப்போது பதினேழு வயது. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. பலாலி விமானத் தளத்தைச் சுற்றியிருந்த ஊர்களுக்குள் சொந்தக்காரர்கள் போக முடியாமல் போயிற்று. இரண்டு கிழமையில் திரும்பலாம் என்றுதான் போனார்களாம். அவருடைய அம்மா தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். காணி உறுதியை மட்டும் அப்பா ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி எடுத்து வந்தார். நாலு பரப்புக் காணி. அந்த உறுதி அவர்களோடு இடம்பெயர்ந்து, கொழும்பு போய், பிறகு ஒஸ்லோவில் அவருடைய அலுமாரிக்குள் வந்து சேர்ந்தது.

கூகுள் எர்த் வந்த பிறகு அவர் தன் காணியை மேலிருந்து பார்க்கத் தொடங்கினார். முதல் முறை கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. வீடு இருந்த இடத்தில் பச்சை. வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. “சாம்பலாத்தான் கிடந்தது தம்பி, உந்தக் கேமில மாதிரி. அவங்கள் எடுத்த நேரம் எப்பிடி இருந்ததோ அப்பிடி.” செய்மதிப் படமும் எப்போதோ எடுத்ததுதான். இன்று அங்கே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. சாம்பலைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றை நான் விளையாட்டில் தெரிந்து கொண்டேன். அவர் அதற்குள் முப்பது வருடம் இருந்திருக்கிறார்.

*

நான் வாழும் நகரத்திலும் இதே கணக்கு வேறு பக்கத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. மெல்பனில் அலுவலகக் கூட்டங்கள் பலவும் வுருண்ட்ஜெரி மக்கள் இந்த நிலத்தின் மரபுவழி உரிமையாளர்கள் என்று சொல்லித் தொடங்கும். முதல் சில வருடங்கள் அந்த வாசகத்தை மென்பொருள் ஒப்பந்தத்தின் முதல் பக்கம் போலக் கடந்து போயிருக்கிறேன். பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது: 1835இல் ஜான் பேட்மன் என்பவர் வுருண்ட்ஜெரி மூத்தோரிடம், போர்வைகளும் கோடரிகளும் மாவும் கொடுத்து, இங்கே பெரும் நிலப்பரப்பை வாங்கியதாக ஓர் உடன்படிக்கை எழுதினார். அதை நியாயமான வியாபாரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே ஆண்டு ஆளுநர் பர்க் அதைச் செல்லாது என்று அறிவித்தார். அந்த மக்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம் அல்ல. நிலம் பிரிட்டிஷ் முடிக்குச் சொந்தம், அதை விற்க வேறு எவருக்கும் உரிமை இல்லை என்பதுதான் காரணம்.

யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற அந்தக் கருத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நிராகரித்தது 1992 ஜூனில், மாபோ வழக்கில். டோரஸ் நீரிணையில் இருக்கும் மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் மற்றவர்களும் தங்கள் தோட்டங்களின் எல்லை எது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். காகிதம் இல்லை, தலைமுறைகளாக நின்றிருந்தார்கள். தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. அதே ஆண்டின் கடைசியில் டூன் 2 வெளியானது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தாலும், ஒரு நீதிமன்றம் காலி நிலம் என்ற எண்ணத்தைக் கைவிட்ட ஆண்டில், காலி நிலத்தின்மேல் நிற்கும் ஒரு விளையாட்டு வகை உருவம் பெற்றது என்பது என் மனதில் தங்கிவிட்டது.

நான் ஆடும் விளையாட்டின் மிகப் பெரிய பொய் அதுதான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் வழக்கமான ஆட்டத்தில் கறுப்பு விலகும்போது மான்கள் தெரியும், ஓநாய்கள் தெரியும், பொன் தெரியும். ஏற்கெனவே அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொண்டிருக்கும் குடும்பம் தெரியாது. நீங்கள் பார்க்கும் கணத்தில்தான் அந்த நிலம் பிறக்கிறது. வாழ்க்கையில் கறுப்பு என்பது நாம் பார்க்காதது மட்டும்தான்.

*

என் அப்பா 1994இல் திருச்சிக்கு வெளியே ஐந்தரை சென்ட் மனை ஒன்று வாங்கினார். அப்போது அங்கே கருவேலமும் எல்லைக் கற்களும்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு போவார். செய்வதற்கு அங்கே எதுவும் கிடையாது. நாலு மூலைக் கல்லையும் தொட்டுப் பார்ப்பார், நடுவில் இருக்கும் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்பார், எதிரே இருக்கும் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். சிறுவனாகக் கூடப் போன நான் எதற்கு வருகிறோம் என்று கேட்டிருக்கிறேன். “நம்ம மூஞ்சி அங்க தெரியணும்டா. நாலு பேரு கண்ணுல பட்டாப் போதும்” என்பார்.

நிலத்தை நாம் பார்ப்பது ஒன்று. நிலத்தில் நாம் பார்க்கப்படுவது இன்னொன்று. விளையாட்டில் இந்த இரண்டாவது பாதி இல்லை. அப்பா போன பிறகு அந்த ஞாயிறுகள் நின்றுவிட்டன. அம்மாவால் போக முடியாது. பட்டா இப்போது என் பெயரில் இருக்கிறது. மெல்பனில் இருந்தே அரசு இணையதளத்தில் பார்க்கலாம். வில்லங்கச் சான்றும் எடுக்கலாம். காகிதத்தில் முழு வெளிச்சம். தரையில் யார் நிற்கிறார்கள் என்பது எந்தச் சான்றிலும் வராது.

இந்தியச் சட்டத்துக்கும் இந்த வித்தியாசம் தெரியும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் உங்கள் நிலத்தை உங்கள் உரிமைக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் அனுபவித்தால், அதை மீட்க வழக்குப் போடும் உரிமையையே நீங்கள் இழந்துவிடலாம். நின்றவனுக்கு நிலம் என்ற விளையாட்டு விதி, பன்னிரண்டு வருட அவகாசத்தோடு. வெளிநாட்டில் இருப்பவர்களின் குடும்ப வாட்ஸப் குழுக்களில் இந்தச் சட்டத்தைவிட அதிகம் பயமுறுத்தும் சட்டம் இருக்க முடியாது. யாரையும் உள்ளே விடாதே, சுற்றுச்சுவர் கட்டு, இல்லையென்றால் விற்றுவிடு என்பார்கள். சென்ற வருடம் எங்கள் தெருவிலேயே பல காலமாக இஸ்திரி போடுபவர் அந்த வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டபோது, சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அம்மா என்னைக் கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நண்பர் தன் காணியைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு வலிகாமம் வடக்கின் நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இன்னும் விடுவிக்கப்படாதவை உண்டு. அவருடைய காணி இருந்த துண்டு விடுவிக்கப்பட்டதும் உறுதியை எடுத்துக்கொண்டு போனார். வீட்டின் அத்திவாரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கிளுவை வேலி எங்கும் இல்லை. கிணற்றை வைத்துத்தான் எல்லை பிடித்தார். கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. அதிலிருந்து அடி வைத்து அடி வைத்து, இது குசினி, இது அம்மா கவிழ்த்துவிட்டு வந்த பானை இருந்த இடம் என்று போனாராம். “முப்பது வருசம் மண்டைக்குள்ள இருந்த வீடு அதைவிடப் பெரிசு” என்றார்.

வாங்க ஆட்கள் வந்தார்கள். நல்ல விலை. பிள்ளைகளுக்கு அங்கே திரும்பும் எண்ணம் இல்லை, அவருக்கும் இல்லை. விற்பதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் விற்கவில்லை. தூரத்து உறவுக் குடும்பம் ஒன்று, இடம்பெயர்ந்தவர்களுக்கான நலன்புரி முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. அவர்களை அழைத்துக் கிணற்றை இறைக்கச் சொன்னார். ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளட்டும், தோட்டம் செய்யட்டும், வாடகை வேண்டாம். உறவுக்காரர் பலர், “நாளைக்கு எழும்ப மாட்டினம்” என்று எச்சரித்தார்கள்.

நானும் ஆட்டத்தின் நடுவில் அதையே கேட்டேன். “அவங்க அங்கேயே தங்கிட்டா என்னண்ணா பண்ணுவீங்க?”

“தங்கத்தானே தம்பி விட்டது,” என்றார். “உறுதி என்னட்டத்தான் இருக்கு. அதை வச்சு ஒஸ்லோவில நான் என்ன செய்யிறது? வெங்காயமா நடுறது? முப்பது வருசம் ஒருத்தரும் நிக்கேல்ல அதில. ஒரு ஆள் நிண்டாக் காணும்.”

யாழ்ப்பாணத் தமிழில் ‘காணும்’ என்றால் போதும் என்று பொருள். இது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கணத்தில் என் திருச்சிக் காதில் அது மற்றொரு ‘காணும்’ ஆகத்தான் விழுந்தது. ஒரு ஆள் நின்றால் காணும், பார்க்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில் காணி என்பது நிலத்தின் மீதான பரம்பரை உரிமையைக் குறித்த சொல். யாழ்ப்பாணத்தில் இன்றும் நிலத்துக்கே அதுதான் பெயர். சொற்களின் வேர் என்னவென்று பண்டிதர்கள் சொல்லட்டும். காணாத காணி சாம்பலாகிவிடும் என்பதை எனக்கு அந்த விளையாட்டும் அந்த மனிதரும் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டு இஸ்திரி வண்டி நிற்கட்டும் என்றேன். உறவினர்களுக்காக, அனுமதியின் பேரில்தான் நிறுத்துகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். அனுமதியோடு இருப்பவர் எதிராக அனுபவிப்பவர் ஆகமாட்டார் என்று வழக்கறிஞர் சொன்னார். இஸ்திரிக்காரருக்கு அந்தத் தாளில் பெரிய அக்கறை இல்லை. மரத்தின் கீழ்க்கிளை ஒன்றை வெட்டினால் கரிப்புகை போக வசதியாக இருக்கும், வெட்டிக்கலாமா என்று மட்டும் கேட்டாராம். அம்மா என்னைக் கேட்காமலேயே சரி என்று சொல்லியிருக்கிறார்.